அடைப்பு எடுக்க ஆள் இருக்கா?

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் திண்டுக்கல்லின் பழைய புறநகர் வீடுகளில் கக்கூஸ் தண்ணீர் இறங்காமல் நிற்கத் தொடங்கும். பாறை மேல் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. மேல்மண் ஆழம் குறைவு. செப்டிக் டேங்கிலிருந்து வழியும் நீரை உறிஞ்ச வேண்டிய குழி மழைநீரிலேயே நிரம்பிவிடும். தொட்டி பின்னோக்கித் தள்ளும். குளியலறைச் சல்லடை வழியே கறுப்புத் தண்ணீர் மேலே வந்ததும் வீடே பதறும். பக்கத்து வீட்டுக்காரர், தெரிந்த கொத்தனார், வட்டச் செயலாளர் என்று போன் மேல் போன் போகும். எல்லோரிடமும் கேட்பது ஒரே கேள்வி: "அடைப்பு எடுக்க ஆள் இருக்கா?"

குழாய் ஒழுகினால் நாம் 'ஆள்' தேடுவதில்லை, பிளம்பரைக் கூப்பிடுகிறோம். அவருக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரிலேயே அவர் எண் நம் போனில் இருக்கும். முன்வாசல் வழியே வருவார், டீ கொடுப்போம். அதே பிளம்பர் செப்டிக் டேங்க் மூடி வரை வந்துவிட்டு, "இது நம்ம வேலை இல்லீங்க, இதுக்குன்னு ஆள் இருக்கு" என்று கையைத் துடைத்துக்கொள்வார். ஒரே வீட்டின் ஒரே குழாய் வரிசைதான். அதில் ஏதோ ஓரிடத்தில் தொழில் முடிந்து சாதி தொடங்கிவிடுகிறது. "நீங்க என்ன ஆளுங்க?" என்பது எங்கள் ஊரில் சாதியை விசாரிக்கும் கேள்வி. "அடைப்பு எடுக்க ஆள் இருக்கா?" என்பதும் அதே கேள்விதான். இதற்கு மட்டும் பதில் முன்கூட்டியே தெரியும்.

மலக்குழி மரணம் என்றதும் நம் கோபம் மாநகராட்சியை நோக்கி, ஒப்பந்ததாரரை நோக்கி, அரசை நோக்கிப் பாய்கிறது. பாயத்தான் வேண்டும். ஆனால் கொலைக்களம் இப்போது வேறோர் இடத்திலும் இருக்கிறது. 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளில் நடந்த 54 மரணங்களை ஆராய்ந்த சமூகத் தணிக்கை ஒன்றின் முடிவுகளை ஒன்றிய அரசு 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைத்தது. இறந்தவர்களில் 49 பேரிடம் எந்தப் பாதுகாப்புக் கருவியும் இல்லை. 38 பேர் தனிப்பட்ட முறையில் கூப்பிட்டு வேலைக்கு அமர்த்தப்பட்டவர்கள். அரசு ஊழியர்கள் 5 பேர்தான். அந்த 38 பேரும் வீடுகளில்தான் இறந்தார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. கடை, பட்டறை, விடுதி எல்லாம் அதில் இருக்கலாம். ஆனால் ஒரு போன், வாய்ப்பேச்சில் ஒரு கூலி, வேறு எந்தக் காகிதமும் இல்லை என்ற ஏற்பாடுதான் அங்கே ஆளைக் கொன்றிருக்கிறது. நம் வீடுகள் தினமும் நடத்துவது இதே ஏற்பாட்டைத்தான்.

"எதிர்பாராத அவசரம், என்ன செய்வது?" என்பார்கள். இந்த அவசரம் வானத்திலிருந்து விழுவதில்லை. செப்டிக் டேங்க் என்பது எளிய கட்டுமானம். கனமான கசடு அடியில் தங்கும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும், நடுவில் உள்ள நீர் மட்டும் வெளியேறும். கசட்டை இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். எத்தனை வீட்டில் எடுக்கிறோம்? பத்து, பதினைந்து ஆண்டுகள் தொடாமல் விட்ட தொட்டியில் கசடு இறுகிவிடும். தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பேர்போன திண்டுக்கல்லில் கக்கூஸுக்கு ஊற்றும் நீரும் அளவுதான், அதனால் இன்னும் கெட்டியாகும். கடைசியில் லாரியை வரவழைத்தால் அது மேல்நீரை மட்டும் இழுக்கும். "அடியில மண்டி நிக்குது, ஆள் இறங்கித்தான் எடுக்கணும்" என்பார்கள். வீட்டுக்காரர் பதினைந்து ஆண்டுகள் மிச்சம்பிடித்த லாரி வாடகைக்கு, இறங்குகிறவர் தன் உயிரைப் பணயம் வைக்க வேண்டும்.

வீட்டின் அமைப்பையும் பாருங்கள். 1866 முதல் நகராட்சியாக இருந்த ஊர் இது. 2014 இல்தான் மாநகராட்சியானது. இதுபோன்ற பழைய நகராட்சி ஊர்களில், வீட்டு வரிசைகளின் பின்புறம் குறுகலான சந்துகள் விடப்பட்டன. எடுப்புக் கக்கூஸில் மலம் அள்ள வருகிறவர் முன்வாசலையும் தெருவையும் 'தீட்டுப்படுத்தாமல்' வந்து போவதற்கான வழி அது. எடுப்புக் கக்கூஸ் ஒழிந்தது. அதே மூலையில் செப்டிக் டேங்க் வந்தது. ஓர் ஆள் கூடையோடு நடக்கும் அளவுக்கு விடப்பட்ட சந்தில் இன்று லாரி எப்படி நுழையும்? தீண்டாமைக்காக அளந்து விடப்பட்ட அகலம், இயந்திரம் வராததற்குக் காரணமாகிவிட்டது.

பிறகு கட்டிய வீடுகள் மட்டும் என்ன வாழ்கின்றன? மாநகராட்சி எல்லையை ஒட்டிய பாலகிருஷ்ணாபுரம், சீலப்பாடி, செட்டிநாயக்கன்பட்டி பக்கம் மனை போட்டு எழுந்த வீடுகளில், தொட்டிக்கு மேலேயே கார் நிறுத்த டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். மூடி எங்கே என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. தொட்டிக்கு எத்தனை அறை, காற்றுக்குழாய் எங்கே, உறிஞ்சுகுழி எங்கே என்று வீடு கட்டும்போது யாரும் கேட்பதில்லை. பூஜை அறைக்கு வாஸ்து பார்க்கிறவர்கள், கழிவு போகும் வழியைக் கொத்தனாரிடம் விட்டுவிடுகிறார்கள். யாராவது இறங்கிப் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையும் அந்த வீட்டின் அஸ்திவாரத்தில் இருக்கிறது.

இறங்குகிறவருக்கு என்ன ஆகிறது? அடைபட்ட கசட்டில் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் போன்ற வாயுக்கள் தேங்கியிருக்கும், ஆக்சிஜன் குறைந்திருக்கும். கசட்டைக் கலக்கியதும் வாயு ஒரேயடியாகக் கிளம்பும். ஹைட்ரஜன் சல்பைடு குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் நுகரும் திறனையே முடக்கிவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைக்கும் நொடிதான் ஆபத்தின் உச்சம். காப்பாற்றக் குதிக்கிறவரும் அதே நொடியில் விழுவார். 2019 மார்ச் 26 அன்று திருப்பெரும்புதூர் அருகே நெமிலியில், ஒரு குடியிருப்பின் தொட்டியில் ஆறு பேர் இப்படி இறந்தார்கள். அவர்களில் கட்டட உரிமையாளரும் அவருடைய இரண்டு மகன்களும் உண்டு.

அந்த வாயு யாரையும் விட்டுவைக்காது. ஆனாலும் குழிக்கு வெளியே நிற்பவர் யார், உள்ளே இறங்குபவர் யார் என்பது பெரும்பாலும் பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது. ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தில் 2024 வரை விவரம் பதிவான சுமார் 38,000 சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். திண்டுக்கல் சமவெளியில் இந்த 'ஆள்' பெரும்பாலும் அருந்ததியர் என்பதைச் சொல்ல எந்தக் கணக்கெடுப்பும் தேவையில்லை.

சட்டம் இருக்கிறதே? இருக்கிறது. 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7 ஆவது பிரிவு, சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ அபாயகரமான துப்புரவுக்கு ஆளை அமர்த்தக் கூடாது என்கிறது. உள்ளாட்சி, நிறுவனம் என்பதோடு நிற்காமல் 'எந்த நபரும்' என்று அது சொல்கிறது. வீட்டுக்காரரும் அதில் அடக்கம். முதல் முறை மீறினாலே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பட்டியல் சாதியினரை மலம் அள்ள அமர்த்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படியும் குற்றம். இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதே சட்டத்தில் ஒரு பொந்தும் இருக்கிறது. பாதுகாப்புக் கருவி தராமல் இறக்கினால்தான் அது 'அபாயகரமான துப்புரவு'. கையுறை, முகமூடி, பெல்ட் கொடுத்துவிட்டால் மனிதரைக் குழிக்குள் இறக்குவது சட்டத்துக்குச் சம்மதம். இந்தச் சொல்விளையாட்டை வைத்துத்தான், மலம் அள்ளுவதால் யாரும் சாகவில்லை, 'அபாயகரமான துப்புரவின்போதுதான்' சாகிறார்கள் என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

"நாங்கள் கட்டாயப்படுத்தவில்லையே, கேட்ட கூலியைக் கொடுத்தோமே" என்பது வீட்டுக்காரர்களின் வாதம். கூலி கொடுத்தால் குற்றம் கரையாது. வேறு வேலைக்குப் போனாலும் "நீ இதுக்கு வாப்பா" என்று கூப்பிடப்படுகிறவரின் சம்மதத்தைச் சம்மதம் என்று எப்படி எடுத்துக்கொள்வது? தொட்டியைச் சுத்தம் செய்தவர் நாளை அதே தெருவில் வாடகைக்கு வீடு கேட்டால் "என்ன ஆளுங்க?" என்று விசாரித்துவிட்டு "வீடு காலி இல்லை" என்று சொல்கிற தெரு இது. அவர் உள்ளே வரக்கூடிய ஒரே வழி அந்தக் குழிதான் என்று ஆக்கி வைத்திருக்கிறோம்.

எளிய குடும்பங்களால் செலவு தாங்காது என்பது இன்னொரு வாதம். இது நியாயமானது, அதனால்தான் இதை வீட்டுக்கு வீடு தீர்க்க முடியாது என்கிறேன். மகாராஷ்டிராவின் வாய் என்ற சிறிய நகரம் 2018 முதல், அடைப்பு வரும்வரை காத்திருக்காமல் வீடு வீடாக முறை வைத்துத் தொட்டிகளைக் காலி செய்கிறது. செலவை வரியோடு சேர்த்துவிட்டது. திண்டுக்கல் மாநகராட்சியும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் இதைச் செய்ய முடியாதா? குறுகிய சந்துக்குள் போகும் சிறிய வண்டிகளும் நீண்ட குழாய்களும் வாங்க முடியாதா? திறக்கக்கூடிய மூடியும் லாரிக் குழாய் எட்டும் வழியும் இல்லாத வீட்டுக்குக் கட்டட அனுமதி இல்லை என்று சொல்ல முடியாதா? அந்த வண்டிகளின் உரிமையும் நிரந்தர வேலையும், இதுவரை குழிக்குள் இறங்கிய குடும்பங்களுக்கே முதலில் போக வேண்டும். மரணம் நடந்தால் வெறும் கவனக்குறைவு வழக்கோடு நிறுத்தாமல், 2013 சட்டத்தின் கீழும் வன்கொடுமைச் சட்டத்தின் கீழும் வழக்குப் பதிய வேண்டும். ஆளைக் கூப்பிட்டவர் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

இதைப் படிக்கும் தோழர்களுக்கு ஒன்று. சாதி மறுப்புத் திருமணம் நடந்த வீட்டிலும், அம்பேத்கர், பெரியார் படம் மாட்டிய வீட்டிலும் செப்டிக் டேங்க் இருக்கிறது. அதைப் பற்றி நாம் பேசுவதில்லை. அது அப்பா பார்த்துக்கொள்கிற விஷயம். இந்த வாரம் நாம் கேட்போம். தொட்டி எங்கே இருக்கிறது? கடைசியாக எப்போது எடுத்தது? மூடி திறக்குமா? லாரிக் குழாய் எட்டுமா? டைல்ஸை உடைக்க வேண்டுமானால் மழைக்கு முன்பே உடைப்போம். அவசரம் வந்தேவிட்டால் அழைக்க 14420 என்ற உதவி எண்ணை அரசு அறிவித்திருக்கிறது, அதற்கு அழைப்போம். வண்டி வரும்வரை இரண்டு நாள் நாற்றம் அடித்தால் அடிக்கட்டும், பக்கத்து வீட்டுக் கக்கூஸுக்குப் போய்க்கொள்ளலாம். லாரியோடு வந்தவர் "ஆள் இறங்கட்டுமா?" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லி வாசலில் நிற்க வேண்டியது நம் வேலை.