குந்த இயலாதார்க்குக் குந்துங் கழிப்பிடமா?

சேலத்தினின்று ஏற்காட்டிற்கு ஏறும் மலைச்சாலையில் கொண்டையூசி வளைவுகள் மட்டும் 20. அதற்கும் அப்பால், மாரமங்கலம் முதலிய சேர்வராயன் மலையூர்களில் வாழ்பவர் மலையாளிகள். (பெயர் கண்டு மயங்கற்க, அவர்தம் தாய்மொழி தமிழே.) குளம்பிப் பழம் பறித்தும், மிளகு கொய்தும், சுமையுடன் சரிவில் ஏறியிறங்கியும் தேய்ந்த முழங்கால்கள் அவர்களுடையவை. மூட்டுநோயுற்ற மலையூர் மூதாட்டிக்கு வலி மட்டுமா இடர்? வாயிற்படி இடர், நீர்க்குடம் இடர், எல்லாவற்றினும் கொடிய இடர் கழிப்பிடம்.

2014-இல் நடுவணரசு தொடங்கிய தூய்மைத் திட்டத்தின்கீழ் வீட்டுக் கழிப்பிடத்திற்கு 12,000 உருபா வழங்கப்பெற்றது. ஊர்ப்புறங்களில் எழுந்தவை பெரும்பாலும் குந்தியமரும் வகையின. மடங்காத முழங்கால் எங்ஙனம் குந்தும்? குந்தினாலும், பற்றியெழக் கைப்பிடி எங்கே? சுவரில் ஓர் இரும்புக்குழாய் பதிக்க அரசின் கருவூலமா வற்றிப்போகும்?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. ஆயின் சலுகைகள் பலவற்றுக்கு 40 விழுக்காட்டை வரம்பாக்கிற்று. மூட்டுநோயோ காலையில் ஒருவாறு, மாலையில் ஒருவாறு. அளப்போர் முன் அஃது எவ்விழுக்காட்டில் நிற்கும்? ஏழை முதியோர்க்கு ஊன்றுகோலும் நடைச்சட்டமும் வழங்க 2017-இல் ஒரு திட்டம் வந்தது. அதன் பெயர் 'இராட்டிரிய வயோசிரி யோசனா'! எந்த மலைமகள் இதைச் சொல்லிக் கேட்டுப் பெறுவாள்? பெற்றாலும், கருவி வருமேயன்றி வீடு திருந்தாது. வழுக்கும் படிக்கட்டில் நடைச்சட்டம் என்ன செய்யும்?

இங்கிலாந்து 1970-லேயே சட்டமியற்றி, நோயுற்றோர் வீட்டைத் தக்கவாறு திருத்த உதவுவதை உள்ளாட்சிகளின் கடமையாக்கிற்று. அங்கு அஃது இரவலன்று, உரிமை.

தமிழ்நாட்டில் இதற்கு வழி இல்லாமலில்லை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' (நல்ல தமிழ்ப்பெயர்!) இயன்முறை மருத்துவரை வீட்டுக்கே அனுப்புகின்றது. முழங்காலைப் பார்ப்பவர் அவ்வீட்டின் படியையும் பார்க்கின்றார். பார்த்து என்ன பயன், எழுதிக்கொடுக்க அவர்க்கு அதிகாரம் வேண்டாவா? கழிப்பிடத்தில் உயர்ந்த இருக்கை, சுவரில் கைப்பிடி, தாழ்ந்த படி, நின்று சமைக்க உயர்த்திய அடுப்பு மேடை என அவர் எழுதட்டும். ஊராட்சி அவ்வூர்க் கொத்தனாரைக் கொண்டே செய்துமுடிக்கட்டும். விழுக்காட்டுச் சான்றுக்காக அம்மூதாட்டி மலையிறங்கிச் சேலம் வரவேண்டா. இதற்கெனத் தனி ஒதுக்கீடும், தமிழில் ஒரே பக்க விண்ணப்பமும் போதும்.