கழற்றி எறிதல் பழுது பார்த்தலாகுமா?

மோட்டார் வண்டியின் எஞ்சின் கொதிப்பேறி வழியில் நின்றுவிடின், பட்டறையிற் சிலர் தெர்மாஸ்டாட் என்னும் சிறு கருவியைக் கழற்றி எறிந்துவிட்டு, “வெப்ப நாட்டிற்கு இது வேண்டுவதன்று” என்று கூறிவிடுவர். பௌதிகம் கற்ற பட்டதாரிகளும் அதனைத் தலையசைத்து ஏற்றுக்கொள்ளுகின்றனர். இவ்வழக்கம் தவறென்பதும், பழுதுற்றதற்கு ஈடாகப் புதியதை அமைத்தலே முறையென்பதும், பல வண்டிகளில் அவ்வேலை வீட்டிலேயே செய்யத்தக்கதென்பதும் எம் கருத்து.

தெர்மாஸ்டாட்டை எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே நின்று காக்கும் வாயில்காப்போன் எனலாம். 1930-களில் செர்ஜியஸ் வெர்னே என்பார் வகுத்த முறைப்படி, அதன் சிமிழொன்றில் மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்குங்கால் வாயில் அடைபட்டிருத்தலின், நீர் ரேடியேட்டரை அடையாது எஞ்சினுள்ளேயே சுழன்று விரைவிற் சூடேறும். ஏறக்குறைய 82 அல்லது 88 டிகிரி சென்டிகிரேடை எட்டியதும் மெழுகு உருகி விரிந்து, சுருள்வில்லை எதிர்த்து வாயிலைத் திறக்கும்.

வெப்ப நாட்டிற்கு இது வேண்டாவென்பார் ஒன்றை மறந்தனர். நம் கோடை 40 டிகிரியை எட்டினும், எஞ்சின் வேண்டும் வெப்பத்தில் அது பாதியளவே. கருவியின்றி ஓடும் எஞ்சின் நெடுநேரம் குளிர்ந்தே கிடக்கும். பெட்ரோல் மிகுதியாய்ச் செலவாகும். எரியாத பெட்ரோல் எண்ணெயிற் கலந்து அதனை நீர்க்கச் செய்தலின் உறுப்புக்கள் தேயும். அன்றியும், பல எஞ்சின்களில் இக்கருவி ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே சுற்றுவழியை அடைக்கின்றது. அதனை நீக்கிவிடின் வெந்நீரின் ஒரு பகுதி ரேடியேட்டரைக் காணாமலே திரும்பிவிடும். மேட்டில் ஏறுங்கால் கொதிப்பு மிகுதலுங் கூடும். நோய்க்குச் செய்த மருந்தே நோயை வளர்ப்பதாயிற்று!

“இது தொழிலாளர் வேலை, நமக்கென்ன?” என்பாரும் உளர். வேலையோ மிக எளிது. முதலில் நீரளவும் விசிறியும் செவ்வையாயுள்ளனவா என நோக்குக. எஞ்சின் முற்றும் ஆறிய பின்னரே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறப்பின் கொதிநீர் முகத்திற் பீறியடிக்கும். நீரை வடித்து, குழாயைத் தளர்த்தி, மேற்கூட்டின் போல்ட்டுகளைக் கழற்றினால் கருவி வெளிப்படும். அதனைச் சமையலுக்கு உதவாத பழஞ்சட்டி நீரில் நூலாற் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியுடன் அடுப்பேற்றுக. பொறித்துள்ள வெப்பநிலையை ஒட்டித் திறவாதாயின் குற்றம் அதனதே. புதியதையும் அவ்வாறே சோதித்து, பெரும்பாலும் சிமிழ் எஞ்சின் பக்கம் நோக்கும்படி வைத்து, பழைய பேக்கிங்கைச் சுரண்டிப் புதியது இட்டு, போல்ட்டுகளைச் சமமாய் முடுக்குக. பின்னர்க் கூலண்ட் நிரப்பி, எஞ்சினை ஓட்டி, தங்கிய காற்றை வெளியேற்றுக. எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலண்ட் இனிப்புச் சுவையுடைய நஞ்சாதலின், வடித்ததைச் சிறுவரும் நாயும் அணுகாவண்ணம் மூடிவைத்தல் இன்றியமையாதது.

இக்காலத்து வண்டிகள் சிலவற்றில் இக்கருவி எளிதிற் கை எட்டாத இடத்தில் மறைந்துள்ளது. சிலவற்றில் மின்சாரத்தால் இயங்குகின்றது. அவற்றைத் தேர்ந்தவரிடம் விடுதலே அறிவுடைமை. ஆயினும், நீக்கற்க, புதியது அமைக்க என்று அவரிடம் வற்புறுத்தும் அளவிற்கேனும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

வெப்பத்தால் பொருள்கள் விரியும் என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் பெறுவோர் நம்மிற் பலர். அவ்விதியே தம் வண்டியினுள் நாடோறும் வாயில் திறந்து அடைப்பதைக் காணாதார் அதனைக் கற்றாராவரோ? ஐயுற்றதைச் சட்டி நீரிலிட்டு அளந்து துணியும் பழக்கம், ஒரு கருவியை மட்டுமன்று, கற்ற கல்வியையும் பயனுடையதாக்கும். கையிற் கரி படிதற்கு நாணுதல் கற்றார்க்கு அழகன்று.