பொய் நிச்சயதார்த்தம்... ஆபீஸ் காதல்... நடுவில் கடவுள் வந்தால்?

விசா முடிந்துவிட்டது. நாட்டைவிட்டுக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். கிளம்பினால் வேலையும் போய்விடும். சட்டென்று, பக்கத்தில் நிற்கும் உதவியாளரைக் காட்டி, 'நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம்' என்று சொல்லிவிடுகிறார் பாஸ். அந்த உதவியாளருக்கே விஷயம் அப்போதுதான் தெரியும்!

2009-ல் வெளியான 'தி ப்ரபோசல்' படத்தின் ஆரம்பம் இது. நியூயார்க் பதிப்பகம் ஒன்றில் எல்லோரையும் நடுங்கவைக்கும் கனடாக்கார எடிட்டராக சாண்ட்ரா புல்லக். அவருக்கு காபி வாங்கி வந்தே காலம் தள்ளும் உதவியாளராக ரயன் ரெனால்ட்ஸ். 2022-ல் வந்த 'பிசினஸ் ப்ரபோசல்' கொரியன் சீரியலிலும் இதே விளையாட்டுதான். தாத்தாவின் நச்சரிப்பு தாங்காமல், தன் கம்பெனி ஊழியரையே காதலியாக நடிக்கச் சொல்வார் ஹீரோ.

நடிப்பு காதலாகிவிடும் என்பது முதல் காட்சியிலேயே நமக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் பார்க்கிறோம்? உண்மை எப்போது, யார் வாயால் வெளிவரும் என்ற பதைபதைப்புக்காகத்தான்.

ஜெபத்திலுமா பொய்?

இதே கதையில் கடவுள் நம்பிக்கையைச் சேர்த்தால் பதைபதைப்பு இரண்டு மடங்காகும். அமெரிக்காவிலும் கனடாவிலும் இப்படிப்பட்ட கிறிஸ்தவக் காதல் நாவல்களுக்கென்றே தனி வாசகர் கூட்டம் உண்டு. கனடா எழுத்தாளர் ஜேனட் ஓக் 1979-ல் எழுதிய 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' இந்த வகைக்குப் பெரிய வாசலைத் திறந்தது. மில்ஸ் அண்ட் பூன் நாவல்களைக் கையில் வைத்திருக்கும் ஹார்லெக்வின் நிறுவனமே, 1997-ல் 'லவ் இன்ஸ்பயர்டு' என்ற வரிசையைத் தொடங்கியது. ஆபாசம் இருக்காது, கெட்ட வார்த்தை இருக்காது. காதல் ஒரு பக்கம் வளர, நாயகன், நாயகியின் கடவுள் நம்பிக்கையும் கூடவே வளரும்.

சாதாரணக் கதையில் நாயகியின் பயம், 'மாட்டிக்கொள்வோமோ' என்பதோடு முடிந்துவிடும். நம்பிக்கையுள்ள நாயகிக்கு அதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. பொய்ச்சாட்சி கூடாது என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. வருங்கால மாமியார் சாப்பாட்டு மேஜையில் கையைப் பிடித்துக்கொண்டு, 'இந்த ஜோடியை ஆசீர்வதியும்' என்று ஜெபிக்கும்போது, அவள் எப்படி 'ஆமென்' சொல்வாள்?

நிச்சயதார்த்தம் என்பதும் பைபிளில் சின்ன விஷயம் இல்லை. மத்தேயு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில், மரியாளும் யோசேப்பும் நிச்சயம் செய்யப்பட்டவர்கள்தான். சேர்ந்து வாழத் தொடங்கவில்லை. ஆனாலும் அந்த உறவை முறிக்க நினைக்கும் யோசேப்பு, மனைவியை விலக்கி வைப்பதைப் போலத்தான் யோசிக்கிறார். அன்றைய யூத வழக்கத்தில் நிச்சயத்துக்கு அவ்வளவு கனம்!

சிரிப்புக்குப் பின்னால்...

படத்தில் சிரிக்கவைக்கும் இந்த விஷயம், நிஜத்தில் அத்தனை லேசானது இல்லை. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தை ஏமாற்றுவதற்காகவே கல்யாணம் செய்தால், 5 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'தி ப்ரபோசல்' படத்தில் உதவியாளர் சம்மதிப்பது காதலால் அல்ல. மறுத்தால் வேலை போகும், அத்தனை வருட உழைப்பும் வீணாகும் என்ற பயத்தால். பதிலுக்கு எடிட்டர் பதவி வேண்டும் என்று அவரும் பேரம் பேசுகிறார். சம்பளம் கொடுக்கும் இடத்தில் இருப்பவர் கேட்கும்போது, கீழே இருப்பவரால் 'முடியாது' என்று எளிதாகச் சொல்லிவிட முடியுமா? ஆபீஸ் காதல் கதைகள் பெரும்பாலும் தாண்டிக் குதித்துவிடும் கேள்வி இது.

அந்தப் படம் மனதில் நிற்பதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. அலாஸ்காவில் உதவியாளரின் குடும்பம் பாஸைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே ஏற்றுக்கொள்கிறது. 90 வயதுப் பாட்டி, பரம்பரை நகையையே எடுத்துக் கொடுக்கிறார். அந்த அன்பைத் தாங்க முடியாமல், கல்யாண மேடையிலேயே எல்லோர் முன்னாலும், தான் மிரட்டித்தான் இதற்குச் சம்மதிக்க வைத்ததாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார் பாஸ். விசா போகும், வேலை போகும் என்று தெரிந்தே சொல்கிறார்.

அதற்குப் பிறகு அந்த உதவியாளருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. விலகிப் போயிருக்கலாம். ஆனாலும் நியூயார்க் ஆபீஸுக்கே தேடி வந்து, எல்லோர் முன்னாலும் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லிக் கேட்கிறார். முதல் தடவையாக, பயமில்லாமல் அவரே எடுக்கும் முடிவு அது.

கடவுள் நம்பிக்கை கலந்த கதைகள் இதைத்தான் பாவமன்னிப்பு என்கின்றன. நம்பிக்கை இல்லாதவர்கள் நேர்மை என்பார்கள். பெயர் எதுவானாலும், உண்மையைச் சொன்ன பிறகுதான் எதிரில் இருப்பவருக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் சுதந்திரம் கிடைக்கிறது. அந்தச் சுதந்திரத்தோடு வரும் 'சரி'தானே, காதல்!

உங்களுக்குப் பிடித்த பொய் நிச்சயதார்த்தக் கதை எது? அதில் உண்மையை முதலில் சொன்னது யார்... அவனா, அவளா?