ஒன்றரை டன் காற்று

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டபோது எங்கள் வீட்டு வேப்ப மரமும் போயிற்று. மத்தியானம் ஒரு முனகல் கேட்டது, அப்புறம் 'தடால்'. நல்ல மரம். வீட்டின் மேல் விழாமல், பக்கத்து வீட்டுக்காரரின் கார் மேல் விழாமல், சரியாக என் ஸ்கூட்டர் மேல் மட்டும் விழுந்தது.

1979-ல் அப்பா வைத்த மரம். தினம் சாயங்காலம் அதனடியில் ஈஸிசேரைப் போட்டுக்கொண்டு பேப்பரோடு உட்கார்ந்துவிடுவார். 2004-ல் அவர் போனார். ஈஸிசேர் இருந்தது, மரம் இருந்தது. இப்போது மரமும் இல்லை.

நாலு நாள் கழித்து ஒரு மர வியாபாரி வந்தார். "எடை போட்டுப் பேசிக்கலாம் ஸார்" என்றார். அறுத்து, லாரியில் ஏற்றி, எடை மேடைக்குக் கொண்டுபோய், சீட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். 1,480 கிலோ. கிட்டத்தட்ட ஒன்றரை டன்.

அம்மா சீட்டை வாங்கிப் பார்த்தாள். "எல்லாம் இந்த மண்ணு குடுத்ததுடா. உங்கப்பா கொட்டின எரு கொஞ்சமா?" என்றாள். நானும் தலையாட்டினேன்.

ராத்திரிதான் உறைத்தது. மண் ஒன்றரை டன் கொடுத்திருந்தால் மரத்தடியில் கிணறு மாதிரி பள்ளம் விழுந்திருக்க வேண்டுமே? விழவில்லை. முப்பத்தேழு வருஷத்தில் தரை மேடாகி, சிமென்ட் விரிந்து, துளசி மாடம் ஒரு பக்கம் சாய்ந்ததுதான் மிச்சம். அப்படியானால் ஒன்றரை டன் எங்கேயிருந்து வந்தது?

இதே சந்தேகம் பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் வான் ஹெல்மான்ட் என்ற வைத்தியருக்கு சுமார் நானூறு வருஷத்துக்கு முன்னாலேயே வந்திருக்கிறது. நம்மைப் போல் புரண்டு படுக்காமல் மனிதர் காரியத்தில் இறங்கினார். ஒரு பெரிய தொட்டியில் 200 பவுண்டு காய்ந்த மண். அதில் ஐந்து பவுண்டு எடையுள்ள வில்லோ கன்று. தூசி விழாமல் தொட்டிக்கு ஓட்டை போட்ட தகர மூடி. ஐந்து வருஷம் தண்ணீரைத் தவிர வேறெதுவும் ஊற்றவில்லை. பிறகு பிடுங்கி நிறுத்தார். மரம் 169 பவுண்டு, சொச்சம். மண்ணைக் காயவைத்து நிறுத்தார். குறைந்தது இரண்டு அவுன்ஸ்! நம் கணக்கில் அறுபது கிராம்கூட இல்லை.

ஆகவே மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று எழுதிவைத்தார். அவர் இறந்த பின் 1648-ல் புத்தகமாக வந்தது. மண் இல்லை என்றது சரி, தண்ணீர் மட்டும் என்றது தப்பு.

வேடிக்கை என்னவென்றால், 'காஸ்' என்ற வார்த்தையையே கண்டுபிடித்தவர் இவர்தான். 62 பவுண்டு கரியை எரித்தார். மிஞ்சியது ஒரு பவுண்டு சாம்பல். மீதி 61 பவுண்டு கண்ணுக்குத் தெரியாத ஏதோவாகப் போய்விட்டது, அதற்குத்தான் 'காஸ்' என்று பேர் வைத்தார். இன்றைக்கு நாம் கார்பன் டை ஆக்ஸைடு என்கிறோம். மரம் எரிந்தால் அதுவாகப் போகிறது என்று தெரிந்தவருக்கு, அதிலிருந்துதான் மரம் வந்தது என்று தோன்றவில்லை! (மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுவதில்லையா நாம்?)

அடுத்த திருப்பம் 1771-ல். இங்கிலாந்தில் ஜோசப் ப்ரீஸ்ட்லி என்ற பாதிரியார், மெழுகுவத்தி எரிந்து அணைந்த கண்ணாடி ஜாடிக்குள் ஒரு புதினாக் கிளையை வைத்தார். பத்து நாள் கழித்து அந்தக் காற்றில் மெழுகுவத்தி மறுபடி எரிந்தது. ஆனால் அவருக்கே சில சமயம் பலித்தது, சில சமயம் பலிக்கவில்லை. ஏன் என்று 1779-ல் சொன்னவர் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு டாக்டர். பச்சைப் பாகம் வேண்டும், வெயிலும் வேண்டும். இருட்டில் செடியும் நம்மைப் போல் காற்றைக் கெடுக்கத்தான் செய்யும் என்றார்.

இதை ஆபீஸில் சொன்னபோது எதிர் சீட்டு நண்பர் விடவில்லை. "அரச மரம் மட்டும் ராத்திரியிலும் ஆக்ஸிஜன் விடும் ஸார்" என்றார். ஸாரி, வெளிச்சம் இல்லாவிட்டால் எந்த மரமும் விடாது. நண்பர் மேஜையில் கோக் பாட்டிலில் ஒரு மணி பிளான்ட் வைத்து, "எனக்கு பிரைவேட் ஆக்ஸிஜன் சப்ளை" என்று பீற்றிக்கொள்வார். அந்த நாலு இலை விடுவது அவர் ஒரு கொட்டாவிக்குக் காணாது. ஒரு நாளைக்கு அவர் எத்தனை விடுகிறார் என்பது செக்ஷனுக்கே தெரியும்.

சரி, இலைக்குள் என்னதான் நடக்கிறது? பெரும்பாலும் அடிப்பக்கம் இருக்கும் சின்னச் சின்ன வாய்கள் வழியாகக் காற்று உள்ளே போகிறது. வேரிலிருந்து தண்ணீர் வருகிறது. பச்சையம் வெயிலில் சிவப்பையும் நீலத்தையும் நிறையச் சாப்பிடுகிறது. பச்சையில் அத்தனை ருசி இல்லை, ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. நாம் 'ஆஹா, என்ன பசுமை!' என்று கவிதை எழுதுவது அந்த மிச்சத்தைப் பார்த்துத்தான். சாப்பிட்ட வெளிச்சத்தின் பலத்தில் தண்ணீர் உடைபடுகிறது. ஆக்ஸிஜன் வேண்டாத பொருளாக வெளியே தள்ளப்படுகிறது. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்ஸிஜன் தண்ணீரிலிருந்து வந்தது என்பதை 1941-ல் கலிஃபோர்னியாவில் ரூபன், கேமன் கோஷ்டி கனமான ஆக்ஸிஜன் அணுக்களை அடையாளம் வைத்துக் காட்டியது. உடைத்ததில் கிடைத்த சக்தியை வைத்துக்கொண்டு அடுத்த செக்ஷன், காற்றின் கார்பனைக் கோத்து சர்க்கரை செய்கிறது. சர்க்கரையைக் கோத்தால் மாவு. வேறு மாதிரி கோத்தால் மரக்கட்டை.

அந்தக் கார்பனை உள்ளே பதிவு செய்யும் என்ஸைமின் பெயர் ரூபிஸ்கோ. ஆபீஸில் வேலை பார்க்கும் யாருக்கும் இதைப் பரிச்சயமாக இருக்கும். மற்ற என்ஸைம்கள் விநாடிக்கு ஆயிரக்கணக்கில் வேலையை முடிக்கும்போது, இது மூன்று, நாலுதான் முடிக்கும். அதிலும் கார்பன் டை ஆக்ஸைடுக்குப் பதிலாக ஆக்ஸிஜனைப் பிடித்துப் பதிந்துவிட்டு, பிறகு ரிவர்ஸ் என்ட்ரி போட்டுக்கொண்டிருக்கும். செடி என்ன செய்யும், டிஸ்மிஸ் பண்ண முடியாது. ஆளைக் கூட்டிற்று. இலையில் உள்ள புரோட்டீனில் பெரும் பங்கு இந்த ஒரு குமாஸ்தா கூட்டம்தான். கரும்பும் சோளமும் மட்டும் கெட்டிக்காரத்தனமாக, குமாஸ்தாவைத் தனி ரூமில் உட்காரவைத்து, கார்பன் டை ஆக்ஸைடை மட்டும் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பியூனை வைத்திருக்கின்றன. நெல்லுக்கும் வேம்புக்கும் அந்த வசதி இல்லை.

இத்தனைக்கும் காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு பத்தாயிரத்தில் நாலு பங்குதான். ஒரு கன மீட்டர் காற்றைப் பிழிந்தால் கால் கிராம் கார்பன்கூடத் தேறாது.

எடைச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு பின்புறம் கணக்குப் போட்டேன். பச்சை மரத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர். மீதி எழுநூற்றுச் சொச்சம் கிலோவில் பாதி கார்பன், அது காற்று. இன்னொரு பாதியில் பெரும்பகுதி ஆக்ஸிஜன், அதுவும் கார்பனோடு ஒட்டிக்கொண்டு வந்த காற்றுதான். மண் கொடுத்தது எவ்வளவு? விறகை எரித்தால் அடுப்பில் மிஞ்சுகிறதே சாம்பல், கிட்டத்தட்ட அவ்வளவுதான். பத்து, பதினைந்து கிலோ இருக்கும். அது இல்லாமல் மரம் இல்லை, வாஸ்தவம். அப்பா கொட்டிய எரு வீண் போகவில்லை. ஆனால் அவர் வேறொன்றும் கொடுத்திருக்கிறார்.

இருபத்தைந்து வருஷம் அந்த மரத்தடியில் மூச்சு விட்டிருக்கிறார். விட்ட மூச்சு அங்கேயே நிற்காது, உலகம் பூராவும் கலந்துவிடும். செண்டிமென்ட் வேண்டாம் என்று நான் அதையும் கணக்கில் சேர்த்தேன். முழுக்கக் கலந்து, கடலில் கொஞ்சம் கரைந்து போனாலும், ஒரு மூச்சில் இருக்கும் கார்பன் அணுக்கள் எண்ணிக்கையில் பிரம்மாண்டம். அதனால் மரம் வளர்ந்துகொண்டிருந்தபோது அவர் விட்ட சாதாரண மூச்சு ஒன்றிலிருந்துகூட, லட்சக்கணக்கில் அணுக்கள் அந்த மரத்தில் போய் உட்கார்ந்திருக்கும் என்று வந்தது. சைபர் எங்காவது தப்பிவிட்டதோ என்று மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். லட்சத்துக்குக் கீழே இறங்கவில்லை.

காலையில் அம்மாவிடம் சொன்னேன். சாம்பல், காஸ், அணு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "லாரி போயிடுத்தா?" என்றாள்.

போயிருந்தது. வியாபாரிக்குப் போன் போட்டேன். செங்கல் சூளைக்குக் கொடுத்தாயிற்று என்றார். அந்த வாரமே எரிந்திருக்கும். வந்த காற்றுக்கே திரும்பப் போய்விட்டது, மீதி சாம்பல்.

2017 மழையில் பழைய குழிக்குப் பக்கத்தில் இரண்டு இலை தலைகாட்டியது. இன்றைக்கு மாடி ஜன்னல்வரை வந்துவிட்டது. ஈஸிசேரை அதனடியில்தான் போட்டிருக்கிறேன். ஸ்கூட்டரை மட்டும் எதிர்ப்பக்கம் நிறுத்துகிறேன்.