நான் பாட்ஷா பார்த்ததில்லை

இந்த ஆண்டிதழைக் கையில் எடுக்கும் முன்னாள் மாணவர்களில் என்னைப் 'பாட்ஷா' என்று அழைத்தவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் இக்கட்டுரையைத் தொடங்க வேண்டும். நண்பர்களே, நான் பாட்ஷா படம் பார்த்ததில்லை. அன்றும் பார்த்ததில்லை, இன்றுவரையிலும் பார்த்ததில்லை!

நடந்தது இதுதான். 2004-ஆம் ஆண்டு, பல்கலைக்கழகத்தில் காலடி வைத்த முதல் வாரம். ஓர் இரவு மூத்த மாணவர்கள் புதிய தமிழ் மாணவர்களை எல்லாம் விடுதிக் கூடத்தில் வட்டமாக உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவரும் எழுந்து பெயர், ஊர், படிக்கும் துறை சொல்லிவிட்டு, ஏதாவது ஒரு திரைப்படக் காட்சியை நடித்துக் காட்ட வேண்டும். என் முறை வந்தது. "தம்பி, நீ பாட்ஷா செய்!" என்றார் ஓர் அண்ணன். "பார்த்ததில்லை அண்ணே" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் பெரியம்மா மகன் திருமண வீடுகளில் செய்து காட்டுவதைப் பார்த்திருந்தேன். அவன் நடப்பதுபோல் நடந்தேன், அவன் விரலைத் தூக்குவதுபோல் தூக்கினேன். கூடமே கைதட்டியது. அன்று ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் படிப்பை முடித்து வெளியேறும்வரை என்னை விடவில்லை. பாட்ஷா என்று பெயர் வாங்கியவன் 'எனக்குப் பாட்ஷா தெரியாது' என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஏன் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். அப்படம் வெளிவந்த 1995-இல் எனக்கு 11 வயது. எங்கள் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. வீடியோ நாடாக்களை வாடகைக்கு விடும் கடையும் பக்கத்துத் தெருவில் இருந்தது. ஆனால், அப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார். "யூபிஎஸ்ஆர் முடியட்டும், அப்புறம் படம் பார்க்கலாம்" என்றார். யூபிஎஸ்ஆர் முடிந்தது. "பிஎம்ஆர் முடியட்டும்" என்றார். பிறகு எஸ்பிஎம் வந்தது, எஸ்டிபிஎம் வந்தது. எல்லாத் தேர்வும் முடிந்தபோது எனக்குப் படம் பார்க்கும் பழக்கமே இல்லாமற் போயிருந்தது.

இருந்தும் யாரும் என்னைக் கண்டுபிடிக்கவில்லை. காரணம், புகழ்பெற்ற படத்தைத் தெரிந்துகொள்ளப் படத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பாடல்களை வானொலி ஆறு ஒலிபரப்பிவிடும். வசனங்களை வகுப்புத் தோழர்கள் சொல்லிவிடுவார்கள். ஆசிரியர் தினக் கொண்டாட்டத்தில் யாராவது ஆடிக் காட்டிவிடுவார்கள். ஆட்டோ ஓட்டும் மாணிக்கத்துக்கு மும்பையில் ஒரு பழைய கதை உண்டு என்பதும், மார்க் ஆண்டனியாக நடித்தவர் ரகுவரன் என்பதும், இசை தேவா என்பதும் எனக்குத் தெரியும். படம்தான் தெரியாது.

இது சின்னப் பொய்தானே, யாருக்கு என்ன நட்டம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இரண்டாம் ஆண்டில் என் அறை நண்பன் அந்த எண்ணத்தை மாற்றினான்.

அவனுடைய அப்பா இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. அதைப் பற்றி அவன் அதிகம் பேசமாட்டான். ஒருநாள் பின்னிரவில், மறுநாள் ஒப்படைக்க வேண்டிய இடுபணியை இருவரும் முடித்துவிட்டுப் படுத்திருந்தபோது, 'நாயகன்' படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். மணிரத்னம் இயக்கி 1987-இல் வந்த அந்தப் படத்தை அவனும் அவன் அப்பாவும் சேர்ந்து பலமுறை பார்த்திருக்கிறார்கள். "உனக்கு அதுல எந்தக் காட்சிடா பிடிக்கும்?" என்று கேட்டான். "கடைசியில பேரன் கேட்பானே, அதுதான்" என்றேன். அந்தக் கேள்வியைத் தமிழர்களில் கேள்விப்படாதவர் யார்? "அதை எல்லாரும் சொல்வாங்க. அப்புறம்?" என்றான். எனக்கு அப்புறம் இல்லை. விழித்தேன். இருட்டில் என் முகம் அவனுக்குத் தெரிந்திருக்காது. ஆனால், என் மௌனம் தெரிந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, "பார்க்கலன்னா பார்க்கலன்னு சொல்லியிருக்கலாமேடா. உட்கார வச்சுக் காட்டியிருப்பேனே" என்றான். அதில் கோபம் இல்லை, ஏமாற்றம்தான் இருந்தது. கோபமாகத் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு நாள் நினைவிருந்திருக்காது.

அந்த வார இறுதியில் ஒரு விசிடியை எங்கிருந்தோ வாங்கி வந்து தன் கணினியில் போட்டான். அவன் திரையைவிட என் முகத்தைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தான். மகனின் உடலைப் பார்த்து வேலு நாயக்கர் அழும் காட்சி வந்ததும், "நான் தண்ணி கலக்கிட்டு வர்றேன்" என்று எழுந்து போய்விட்டான். அவன் அப்பா அழுது அவன் பார்த்தது அந்த ஒரு காட்சியில்தான் என்று பிறகு சொன்னான்.

'பார்த்திருக்கிறேன்' என்று பொய் சொல்லும்போது நாம் நம்மை மட்டும் உயர்த்திக்கொள்வதில்லை. நமக்கு அதைக் காட்டி மகிழும் வாய்ப்பை இன்னொருவரிடமிருந்து பறித்துவிடுகிறோம். 'பார்க்கவில்லை' என்பது தோல்வியன்று. அது ஓர் அழைப்பு. இதை அன்று கற்றுக்கொண்டேன். பாட்ஷா விஷயத்தில் மட்டும் துணிவு வரவில்லை.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்வுக்கு வருகிறேன். அண்மையில் முன்னாள் மாணவர்கள் சிலர் ஒரு மாமாக் கடையில் கூடினோம். மொத்தம் பதினொரு பேர். ரொட்டி சானாயும் தே தாரேக்கும் வந்தபின், ஒருவர் விளையாட்டாக ஆரம்பித்தார்: "எல்லாரும் பார்த்த, நீ மட்டும் பார்க்காத படம் ஒன்றைச் சொல்." ஒருவர் 'இந்தியன்' என்றார். ஒருவர் 'படையப்பா' என்றார், மேசையே "என்ன லா நீ!" என்று கத்தியது. மற்றொருவர் 'கில்லி' பார்த்ததில்லையாம். ஆங்கிலத் துறையில் படித்த தோழி 'டைட்டானிக்' என்றதும் சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. என் முறை வந்தது. இருபது ஆண்டு பாரத்தை அந்த மேசையில்தான் முதன்முதலாக இறக்கி வைத்தேன். சிரித்த சிரிப்பில் ஒருவருக்குப் புரையேறிவிட்டது.

கடைசியாக, எங்களுக்கு மூத்த அக்கா ஒருவர், "செம்மண் சாலை" என்றார். யாரும் சிரிக்கவில்லை. "அது என்ன படம் அக்கா?" என்று கேட்டோம்.

'செம்மண் சாலை' நம் நாட்டுப் படம். தீபக் குமரன் மேனன் இயக்கி 2005-இல் வெளிவந்தது. 1960-களின் ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்த ஒரு பெண் பல்கலைக்கழகம் போய்ப் படிக்க ஆசைப்படுவதுதான் கதை. அதாவது, நம் கதை! அது வந்தபோது நாங்கள் பல்கலைக்கழகத்தில்தான் இருந்தோம். எங்களில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. அக்கா அடுத்துக் கேட்டார்: "சரி, ஜகாட்?" மூன்று கைகள் உயர்ந்தன. "கபாலி?" பதினொரு கைகள்!

அந்த மூன்று கைகளைவிட, உயராத எட்டுக் கைகள்தாம் என்னை யோசிக்க வைத்தன. அவற்றில் ஒன்று என்னுடையது. படையப்பா பார்க்காததை ஒப்புக்கொள்ள எங்களுக்கு வெட்கமாக இருந்தது. ஜகாட் பார்க்காததை ஒப்புக்கொள்ள வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை. வெட்கம் இருந்தால்தானே ஒப்புக்கொள்வதற்கு? எதைத் தெரியாது என்று சொல்லக் கூசுகிறோமோ, அதைத்தான் நமது என்று நினைக்கிறோம். அப்படியானால், கூச்சமே வராத இடத்தில் நம் உறவு என்ன?

கபாலியைக் குறை சொல்வது என் நோக்கமன்று. 2016-இல் முதல் நாள் காட்சிக்குப் போனவன் நான். நம் மண்ணில், நம் தோட்டத்துத் தமிழரின் கதையை ரஜினி பேசுகிறார் என்ற பெருமை எனக்கும் இருந்தது. ஆனால், அதற்கு ஏழு மாதங்களுக்கு முன், 2015 டிசம்பரில், அதே மக்களின் கதையைச் சஞ்சய் குமார் பெருமாள் என்ற நம் நாட்டு இயக்குநர் ஜகாட் படத்தில் சொல்லியிருந்தார். 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் விருதுப் பிரிவுகளை மொழிவாரியாகப் பிரித்ததால் எழுந்த சர்ச்சையையும் தாண்டி, 2016-இல் அது சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வு பெற்றது. ஒரு தமிழ்ப்படத்துக்கு இந்நாட்டில் கிடைத்த அந்தப் பெருமையை நாளிதழில் படித்தேன், மகிழ்ந்தேன், நண்பர்களுக்கு அனுப்பினேன். படத்தை மட்டும் பார்க்கவில்லை. பாட்ஷாவைப் போலவே ஜகாட்டையும் பார்க்காமலே தெரிந்து வைத்திருந்தேன்.

இந்தக் குறை சினிமாவோடும் நிற்கவில்லை. உடன் வேலை செய்யும் மலாய் நண்பர் ஒருவர், 1962-இல் வந்த 'இபு மெர்துவாகு' படத்தை நான் பார்த்ததில்லை என்றதும் வியந்துபோனார். பி. ரம்லியைக் கதாநாயகனாக முதலில் நடிக்க வைத்த 'பக்தி' (1950) படத்தை இயக்கியவர், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன் என்பதை எனக்குச் சொன்னவரும் அவர்தான். நம்மவர் ஒருவரைப் பற்றி நமக்கு அடுத்தவர் சொல்லித் தெரிய வேண்டியிருந்தது!

"உள்ளூர்ப் படம் என்பதற்காகவே பார்க்க வேண்டுமா? நன்றாக இருந்தால் பார்ப்போம்" என்று சிலர் வாதிடலாம். நியாயமான வாதம்தான். கடமைக்காகப் படம் பார்ப்பது மருந்து குடிப்பதற்குச் சமம்; கலைஞனுக்கும் அது மரியாதையன்று. திரையரங்கில் சில நாள்களே ஓடி மறையும் படத்தை எங்கே போய்ப் பார்ப்பது என்ற கேள்வியும் உண்மையானதே. ஆனால், நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்லவாவது ஒருமுறை பார்த்திருக்க வேண்டாமா? பார்க்காமலே பாராட்டுவதும் பார்க்காமலே ஒதுக்குவதும் ஒரே பழக்கத்தின் இரு பக்கங்கள்.

மாமாக் கடையில் கூடிய அடுத்த வாரம், ஜகாட்டைத் தேடிப்பிடித்து வீட்டில் போட்டேன். அப்பாவும் வந்து உட்கார்ந்தார். 1990-களின் தொடக்கத்தில் நடக்கும் கதை. தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்கு நிலத்தில் குடியேறிய குடும்பம். அப்போய் என்ற 12 வயதுப் பையன். "படி, படி" என்று உயிரை வாங்கும் அப்பா. ஒரு பக்கம் பள்ளிக்கூடம், மறுபக்கம் குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பா. கால்வாசிப் படம் ஓடுவதற்குள்ளேயே எனக்கு நெஞ்சு அடைத்தது. அந்தப் பையனுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. என் அப்பாவும் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் கைமாறியபின் தொழிற்சாலை வேலைக்குப் போனவர். எனக்குப் படம் பார்க்கத் தடை போட்டாரே, அந்தத் தடைக்குப் பின்னால் இருந்த அச்சம் என்னவென்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

படம் முடிந்தது. அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் உன்னை அவ்வளவு அடிச்சேனா?" என்று கேட்டார். "இல்லப்பா" என்றேன். உண்மையாகவே இல்லை. அதன்பின் அவர் தம் தோட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். யார் யார் எங்கே போனார்கள், யாருடைய பிள்ளை சிறைக்குப் போனான், யாருடைய பிள்ளை படித்தான் என்று நள்ளிரவு தாண்டியும் பேசினார். இத்தனை ஆண்டுகளில் அவர் என்னிடம் சொல்லாத கதைகள் அவை. நானும் கேட்டதில்லை என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். நம் கழகம் ஆண்டுதோறும் கலை இரவு நடத்துகிறது; பட்டிமன்றம் நடத்துகிறது. ஆண்டுக்கு ஒருமுறை 'பார்க்காதவர்கள் இரவு' என்று ஒன்றையும் நடத்துங்கள். ஒரு நம் நாட்டுப் படம், ஒரு தமிழகப் படம். நுழைவுக்கு ஒரே தகுதி, அந்தப் படத்தைப் பார்த்திருக்கக் கூடாது! பார்த்தவர்கள் வரலாம், ஆனால், பார்க்காத ஒருவரைக் கையோடு அழைத்து வர வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஓர் இடம் இருந்தால், தெரிந்துகொள்ளும் வழி தானாகத் திறக்கும்.

அந்த முதல் இரவுக்கு நானும் வருகிறேன். தமிழகப் படத்தை நீங்கள் தேடி அலைய வேண்டாம். பாட்ஷாவையே போடுங்கள். முன் வரிசையில் எனக்கு ஓர் இடம் வைத்தால் போதும்.