கருஞ்சீரகமும் நம்மவர் அவசரமும்

சில ஆண்டுகளாக நம் குடும்பங்களில் கருஞ்சீரகத்துக்குப் புது மவுசு வந்திருக்கிறது. கைபேசியில் ஒரு செய்தி வருகிறது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன் சாப்பிட்டால் சர்க்கரை போகும், கொழுப்பு கரையும், மூட்டுவலி ஓடும் என்கிறது. அடியில் 'நபி மருத்துவம்' என்றோ 'யுனானி முறை' என்றோ ஒரு முத்திரையும் இருக்கும். அதைப் படித்த அன்றே நம்மவர் பையை எடுத்துக்கொண்டு மளிகைக் கடைக்குப் புறப்பட்டு விடுகிறார்கள்.

முதல் தடுமாற்றம் அந்தக் கடையிலேயே ஆரம்பமாகிறது. கருஞ்சீரகம் என்பதை அப்படியே இந்தியில் மொழிபெயர்த்து 'காலா ஜீரா' என்று தில்லியில் கேட்டால், கடைக்காரர் வேறொன்றை எடுத்துத் தருவார். அது காஷ்மீரிலும் இமாசலத்திலும் விளைகிற, மெலிந்து வளைந்த, கரும்பழுப்பு நிறச் சீரகம், புலவுக்குப் போடுவது. நம்முடைய கருஞ்சீரகத்துக்கு இங்கே 'கலோஞ்சி' என்று பெயர். நானிலும் மாங்காய் ஊறுகாயிலும் காண்கிறோமே, மூன்று பட்டையுள்ள கறுப்பு விதை, அதுதான். பீகார்க்காரர்கள் 'மங்க்ரைல்' என்பார்கள். கல்கத்தாவிலோ 'காலோ ஜீரே' என்று கேட்டால் சரியாக இதையே தருவார்கள்! சிலர் இதை வெங்காய விதை என்று நினைக்கிறார்கள். வெங்காயத்துக்கும் இதற்கும் உறவில்லை. சீரகத்துக்கும் இதற்கும்கூட உறவில்லை. கையில் தேய்த்து முகர்ந்தால் ஓமத்தை நினைவூட்டும் வாசனையும், வாயிலிட்டால் லேசான கசப்பும் இருந்தால் அதுவே கலோஞ்சி.

பொருள் சரியாகக் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது அளவு. இங்கேதான் முத்திரை ஒன்று, சரக்கு வேறு என்றாகிறது.

மரணத்தைத் தவிர எல்லா நோய்க்கும் கருஞ்சீரகத்தில் நிவாரணம் உண்டு என்ற கருத்து நபிமொழித் தொகுப்புகளில் இருப்பது உண்மை. இஸ்லாமிய அன்பர்கள் அதைப் பெரிதும் மதிக்கிறார்கள். மற்றவர்களும் மதிக்க வேண்டியதே. ஆனால் புகாரியின் தொகுப்பில் அதையொட்டி வரும் செய்தியையும் பார்க்க வேண்டும். நோயாளி ஒருவருக்கு ஐந்து அல்லது ஏழு விதைகளை நசுக்கி, எண்ணெயில் கலந்து, மூக்கில் சொட்டு விடச் சொல்கிறார்கள். எண்ணிப் பார்த்த ஐந்தோ ஏழோ விதைகள், ஸ்பூன் கணக்கல்ல. நபிமொழிக்கு உரை எழுதிய கத்தாபி போன்ற பழைய அறிஞர்களும், 'எல்லா நோய்' என்பது பொதுப்படச் சொன்னது, குளிர்ச்சியாலும் ஈரத்தாலும் வரும் நோய்களையே அது குறிக்கும் என்று விளக்கியிருக்கிறார்கள்.

யுனானி வைத்தியமும் இதே வழியில்தான் செல்கிறது. யூனான் என்றால் கிரேக்க நாடு. அங்கே பிறந்த மருத்துவத்தை அரபு, பாரசீக அறிஞர்கள் வளர்த்தார்கள்; இபின் சீனாவின் 'கானூன்' அதன் தலையாய நூல். இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கின் சமநிலையே ஆரோக்கியம் என்பது அதன் அடிப்படை. ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு 'மிஜாஜ்', அதாவது உடல்வாகு உண்டு, மருந்துக்கும் உண்டு. கருஞ்சீரகம் உஷ்ணமும் வறட்சியும் உடையது. ஆகவே சளி, வாயு, குடற்புழு இவற்றுக்கு உகந்தது. ஜலதோஷத்துக்கு வறுத்துத் துணியில் முடிந்து முகரச் சொல்வார்கள். இருமலுக்குத் தேனில் குழைத்துத் தருவார்கள். தோல் நோய்க்கு வினிகரில் அரைத்துப் பூசுவார்கள். உஷ்ண உடம்புக்காரருக்கும் கர்ப்பிணிகளுக்கும் எச்சரிக்கை சொல்வதும் அதே மரபுதான். நாடி பார்த்து, உடல்வாகு அறிந்து கொடுக்கும் ஹக்கீமின் மருந்தையும், ஊருக்கெல்லாம் ஒரே ஸ்பூன் என்னும் செய்தியையும் ஒன்றாக எண்ணலாமா?

அப்படியானால் கருஞ்சீரகத்தால் பயனே இல்லையா என்று சிலர் கேட்கலாம். உண்டு. சவூதி அரேபியாவில் நடத்தப்பட்டு 2010ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நீரிழிவு நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 1, 2, 3 கிராம் என்று மூன்று அளவுகளில் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2 கிராமில் சர்க்கரை நன்றாகவே குறைந்தது. 3 கிராம் கொடுத்ததில் கூடுதல் பலன் எதுவும் இல்லை. முக்கியமாக, அவர்கள் யாரும் வழக்கமான மாத்திரையை நிறுத்தவில்லை. மாத்திரையோடு சேர்த்துத்தான் இது தரப்பட்டது.

நம்மவர் செய்வது இதற்கு நேர்மாறு. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் கருஞ்சீரகத்தை நம்பி மூன்று மாதம் சர்க்கரை மாத்திரையைத் தொடவில்லை. காலில் வந்த சிறு புண் ஆறாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தவறு விதையினுடையதா? இன்னொரு வகையினர் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, டாக்டரிடம் மூச்சு விடுவதில்லை. சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வந்தால் டாக்டருக்குக் காரணம் எப்படிப் புரியும்? நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் சட்டமே தடுக்கிறது. கைபேசிச் செய்தியை அனுப்புகிறவர்களுக்கு அந்த நினைப்பே இல்லை.

'நாட்டு மருந்தெல்லாம் வெறும் நம்பிக்கை' என்று ஒதுக்குவதும் சரியல்ல. கரோல்பாக்கில் நம்மவர் பலர் தினமும் கடந்து போகும் திப்பியா கல்லூரியை 1921ல் திறந்து வைத்தவர் காந்தியடிகள். அதை உருவாக்கிய ஹக்கீம் அஜ்மல் கான், பழைய மருந்துகளை இரசாயனக் கூடத்தில் சோதிக்க வேண்டும் என்று விரும்பியவர். அவர் ஊக்கத்தால் சர்ப்பகந்தியை ஆராய்ந்த விஞ்ஞானி சலீமுஸ்ஸமான் சித்திக்கி, 1931ல் அதிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு 'அஜ்மலின்' என்றே பெயர் சூட்டினார். மரபை மதிப்பதும் அதைச் சோதிப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

யுனானியில் நம்பிக்கையுள்ளவர்கள் முறையாகப் படித்துப் பட்டம் பெற்ற மருத்துவரிடமே செல்லட்டும். தில்லியில் மட்டுமல்ல, பெங்களூரிலும், சென்னை அரும்பாக்கத்திலும் அரசின் யுனானி நிறுவனங்கள் இருக்கின்றன. சமையலில் தாளிக்கும் அளவுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. மருந்தாக எடுத்தாலோ, எத்தனை நாளாக, எவ்வளவு என்று வீட்டு டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன்பு கட்டாயம் சொல்லுங்கள். கேட்காமல் மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். ஊரை விட்டு வந்திருக்கும் நமக்கு ஓடிவந்து பார்க்க அக்கம்பக்கத்தில் உறவினர் குறைவு. எச்சரிக்கை இருமடங்கு தேவை.