முதல் நாளே மசித்த கிழங்கு



நத்தார் இதழுக்குச் சமையல் குறிப்பு கேட்டால் கேக்தான் வந்து குவிகிறது. லவ் கேக், ரிச் கேக், பிறகு இன்னொரு ரிச் கேக். எல்லாம் நல்லதே. ஆனால் 24ஆம் திகதி இரவு மட்டக்களப்புக் குசினிகளில் நடக்கும் வேலை கேக் அல்ல. அது எப்போதோ முடிந்து டின்னுக்குள் போயிருக்கும். அன்றிரவு அடுப்பில் வேகுவது கட்லட்டுக்கும் ரோல்ஸுக்குமான உருளைக்கிழங்கு. அதைப் பற்றி யாரும் எழுதி அனுப்புவதில்லை. எனவே இந்த மாதம் நானே எழுதிவிடுகிறேன்.

கிழங்கு நம் மண்ணின் பயிரல்ல. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் அந்தக் குளிரில் அதைப் பயிரிட்டுப் பார்த்தார். இன்றும் நமக்கு வருவது வெலிமடை, நுவரெலியாப் பக்கத்துக் கிழங்குதான். பதுளை, பசறை, பிபிலை, மகாஓயா, புல்லுமலை, கரடியனாறு என்று இறங்கிச் செங்கலடியில் முடியும் ஏ-5 வீதியாலும் வரும். தம்புள்ளைச் சந்தையைச் சுற்றியும் வரும். அதோடு இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் இறக்குமதியாவதும் கடைகளில் உண்டு. இறக்குமதிக் கிழங்கில் சிவப்பு மண்ணைப் பூசி உள்ளூர்க் கிழங்கென்று விற்ற கதையும் பத்திரிகைகளில் வந்தது. மண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். கையில் அழுத்தினால் கல்லுப்போல இருக்க வேண்டும், முளையும் பச்சை நிறமும் இருக்கக்கூடாது. அது போதும்.

நம் மலைநாட்டில் அதிகம் விளைவது கிரனோலா என்ற ஜேர்மன் இனம். அதில் தண்ணீர் சற்றுக் கூட. எண்ணெய்த் தாச்சியில் கட்லட் வெடித்துப் பிளப்பதற்குப் பாதிக் காரணம் இந்தத் தண்ணீர்தான். ஆகவே ஒரே அளவான கிழங்குகளாகப் பார்த்து, தோலோடு, உப்புப் போட்ட பச்சைத் தண்ணீரில் வைத்து அவியுங்கள். கொதிநீரில் போட்டால் வெளிப்புறம் கரைந்துபோகும், நடு வேகாது. வெந்ததும் வடித்து, தோலுரித்து, வெறும் சட்டியில் ஒரு நிமிடம் பிரட்டி ஆவியைப் போக்குங்கள். சூடு ஆறுவதற்குள் மத்தாலோ முள்ளுக்கரண்டியாலோ மசிக்க வேண்டும். கிரைண்டர் மட்டும் வேண்டாம். அதன் வேகத்தில் கிழங்கின் கலங்கள் உடைந்து மாச்சத்து வெளியே வந்துவிடும். கிடைப்பது கடதாசி ஒட்டும் பசை.

முதல் நாளே மசித்து வைத்தால் ருசி போய்விடும் என்று சொல்லுவோர் உண்டு. பாலும் பட்டரும் சேர்த்துக் கரண்டியால் எடுத்துச் சாப்பிடும் மசியலுக்கு அது ஓரளவு உண்மை. வெந்த மாச்சத்து குளிர்ந்தால் மறுபடி இறுகும், மசியல் கட்டிதட்டும். ஆனால் கட்லட்டுக்கு வேண்டியதே அந்த இறுக்கம்தான்! ஓரிரவு குளிரில் கிடந்த கிழங்கு கையில் ஒட்டாமல் உருளும், ரஸ்க் தூளைப் பிடித்துக்கொள்ளும், எண்ணெயில் குலையாது. அன்று காலையில் அவித்த சூட்டோடு உருட்டிப் பொரித்த கட்லட்டை நான் ஒருபோதும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மீன் கலவையைத் தனியே வையுங்கள். சூரையோ, களப்புக் கொடுவாவோ, டின் மீனோ, எதுவானாலும் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மிளகுதூளோடு ஈரம் வற்றும்வரை வதக்கி ஆறவிட்டு மூடி வைக்கலாம். உப்பும் தேசிக்காய்ப் புளியும் காலையில் கிழங்கோடு சேர்க்கும்போதுதான். இரவே சேர்த்தால் தண்ணீர் விடும்.

மசியலாகவே மேசையில் வைக்க விரும்புவோரும் நம்மிடையே உண்டு. புனித மைக்கேல் கல்லூரியில் 1940களின் பிற்பகுதியிலிருந்து படிப்பித்த நியூ ஓர்லியன்ஸ் இயேசு சபைக் குருமாருடைய நாட்டில் பெருநாள் மேசைக்கு அது கட்டாயம். அதையும் வெறுமனே மசித்து முதல் நாளே வைக்கலாம். மறுநாள் பாலையும் பட்டரையும் நன்றாகச் சூடாக்கி, மெல்லிய நெருப்பில் கிழங்கைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கிண்டினால் இறுகியது இளகிவிடும். கடைசியில் இரண்டு கரண்டி எருமைத் தயிர் கலந்து பாருங்கள். மட்டக்களப்புச் சட்டித் தயிரின் புளிப்பு வேறெந்த ஊருக்கும் வாய்க்காது. தேங்காய்ப்பால் சேர்ப்பதானால் பரிமாறும் நேரத்தில்தான். முதல் நாளே ஊற்றினால் புளித்துவிடக்கூடும்.

இனிக் கண்டிப்பான ஒரு விஷயம். மார்கழி நமக்கு வடகீழ்ப் பருவமழைக் காலம். மழை குளிராக இருக்கிறதே என்று கிழங்குச் சட்டியை மேசையில் மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். அவித்தாலும் சாகாத கிருமி வித்துகள் உண்டு. ஆழமான சட்டியின் நடுவில் பல மணித்தியாலம் தங்கும் இளஞ்சூடு அவற்றுக்குத் தோதான இடம். தட்டத்தில் மெல்லியதாகப் பரப்பி ஆறவைத்து, 2 மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். மூடியே கிடந்தால் சுமார் 4 மணித்தியாலம் குளிர் தாங்கும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் முதல் நாள் வேலையை வெங்காயம் உரிப்பதோடும் ரஸ்க் இடிப்பதோடும் நிறுத்திக்கொள்வதே சரி.

இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் இருக்கிறது. நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து இரண்டு மணித்தியாலம் கண்ணயர்ந்து, விடியவே அடுப்படியில் நிற்பவர் பெரும்பாலும் வீட்டின் அம்மாதான். வருகிறவர்கள் முன்வீட்டில் கதைத்துச் சிரிக்க, அவர் தாச்சியடியில் நிற்பார். நாவலடி, டச்பார், கல்லடிப் பக்கத்தில் மறுநாளும் ஓய்வில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு டிசம்பர் 26 அங்கே நினைவுப் பூசைக்கும் கடற்கரைக்குமான நாள். 24ஆம் திகதி மாலையில் வீட்டிலுள்ள ஆம்பிளைகளும் பிள்ளைகளும் ஆளுக்கொரு முள்ளுக்கரண்டியோடு உட்கார்ந்தால் இரண்டு கிலோக் கிழங்கு பெரிய வேலையா?

இது நத்தாருக்கு மட்டுமான விஷயமுமல்ல. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நோன்புக் கஞ்சிக்குப் பக்கத்தில் இருப்பதும் இதே கட்லட்தான். சைவ வீடுகளில் மீனுக்குப் பதில் கரட்டும் லீக்ஸும் போகும். உங்கள் வீட்டுக் கலவையை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். தை இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம். களப்பு இறால் போட்டுச் செய்கிறவர்கள் கட்டாயம் எழுத வேண்டும். அளவைக் 'கொஞ்சம்', 'ஒரு கை' என்று விடாமல் கிராமிலும் தேக்கரண்டியிலும் தந்தால், முதன்முதலாகச் சமைக்க இறங்குகிறவர்களுக்கும் உதவும்.

நத்தார் வாழ்த்துகள்.

ஆசிரியர்